காணாமற்போன இரண்டு றெக்கைகள்

சனிக்கிழமை பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு, ஹுசேன் சாகர் ஏரியில் கட்டியிருந்த எங்கள் பழைய பாய்மரப் படகின் எஞ்சின் அன்றைக்கு மூன்றாம் முறையாகக் கொதித்தது. நான்கு மணிக்குப் பரிசோதனை. எஞ்சின் இருபது நிமிடம் சூடேறாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் படகைக் கரையேற்றிவிட வேண்டும், கட்டும் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று படகுத்துறை மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். கரையேற்றி எங்கே வைப்பது? கொண்டாப்பூரில் எங்கள் குடியிருப்பில் ஸ்கூட்டர் நிறுத்தவே சண்டை.

படகு எனக்கும் என் கணவரின் அக்காவுக்கும் சொந்தம். அவர்கள் வீட்டு வழக்கப்படி அவரை மைனி என்பேன். இந்த ஊரின் போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் உருது கலந்து வரும்; பாலாநகர் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

இந்த எஞ்சின் ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். தண்ணீர் வடிகட்டியைத் தாண்டி பம்புக்கு வந்து, எஞ்சினைச் சுற்றிவிட்டுப் படகின் பின்னால் புகையோடு கொட்ட வேண்டும். எங்கள் படகில் வெறுமனே சொட்டியது. காலையிலேயே வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடி சாமந்தியையும் ஜிகினா நூலையும் எடுத்துப் போட்டிருந்தோம். பயனில்லை.

எஞ்சின் ஆறியதும் மைனி, "ஒண்ணொண்ணாப் பாத்தா விடிஞ்சிரும். லைனப் பாதியா வெட்டு" என்றார். தொழிற்சாலையில் பழுது தேடும் முறை அது: நடுவில் சோதித்து, பழுது எந்தப் பாதியில் என்று பார்ப்பது. பம்பிலிருந்து வெளியேறும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, அரை நிமிடம் எஞ்சினை ஓட்டினோம். வாளி நிரம்பி வழிந்தது! அப்படியானால் பம்பு வரை எல்லாம் சரி, அடைப்பு அதற்கப்பால்.

"அங்க என்ன போயிருக்கும்? சக்கரத்த எப்பட்டி மாத்துன?"

பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தைக் கேட்டார். படகு வேலைகளைக் குறித்துவைக்கும் என் நோட்டைப் புரட்டி வாசித்தேன்: "ஞாயிறு, காலை பத்தரை. பழைய சக்கரத்தில் ஆறு றெக்கைகளில் நான்கே மிச்சம். புதியது பொருத்தியாயிற்று."

மைனி என்னையே பார்த்தார். "அந்த ரெண்டும் எங்கட்டி?"

நோட்டை இன்னொரு முறை பார்த்தேன்.

"எண்ணி எழுதத் தெரிஞ்சவளுக்குத் தேடத் தோணலயே. நேரம்லாம் வேற போட்டிருக்கா, பத்தரையாம்!"

"நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க மைனி?"

"நான் டீ குடிச்சிட்டிருந்தேன்."

எனக்கு வெட்கமும் குதூகலமும் ஒன்றாக வந்தன. குழாய் எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பித்தளை முழங்கை வளைவு. அதைக் கழற்றி ஸ்கூட்டர் பிரேக் கம்பியை விட்டுக் குடைந்தேன். மூன்று முப்பத்திரண்டுக்குக் கறுப்பாக ஒரு துண்டு மைனியின் மடியில் விழுந்தது. "ஹவ்! மாட்டுச்சு!" என்று கூவியவர் உடனே ஸ்பேனரை எடுத்தார்.

"இன்னொண்ணு இருக்கு மைனி."

"நக்கோ, வேண்டாம்ட்டி, நேரமில்ல. அது என்னைக்கோ வெளிய போயிருக்கும்."

"ரெண்டுன்னு எழுதியிருக்கேன்."

வளைவைப் பிடுங்கி, மறுமுனையில் வாயை வைத்து ஊதினேன். ஏரித் தண்ணீரின் சுவையை மட்டும் எந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை. மூன்றாம் ஊதலில் இரண்டாவது றெக்கை பறந்துபோய் எதிர்ப்பலகையில் ஒட்டியது. மைனி கைதட்டியதில் பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார்.

நாங்கள் கடைசி கிளாம்ப்பை முறுக்கும்போது மேற்பார்வையாளர் கைபேசியில் நேரம் பார்த்தபடி வந்து நின்றார். எஞ்சினைக் கிளப்பினேன். ஒரு கணம் வெறும் புகை. பிறகு இருமல் போல ஒரு சத்தம். அடுத்து தண்ணீர் வாளிவாளியாகக் கொட்டத் தொடங்கியது. மைனி குனிந்து அதில் கையை நீட்டி, "வெதுவெதுன்னுதான் இருக்கு!" என்று கத்தினார். ஐந்து நிமிடம், பத்து, பதினைந்து. வெப்பமானியின் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

இருபதாவது நிமிடத்தில் மேற்பார்வையாளர் தாளில் கையெழுத்திட்டு நீட்டினார். "பாஸ். பந்த் கரோ மேடம்" என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"நக்கோ சாப்" என்ற மைனி என் பக்கம் திரும்பினார். "என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? கயித்த அவுரு!"

அவிழ்த்தேன்.