பஸ் ஸ்டாப் வீட்டுக் கோழிகள்

எங்கள் வீடு பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே இருந்தது. அதை வசதி என்று நினைப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவாக இருக்க வேண்டும். எழுமலை பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிற டிரைவருக்கே தெரியாத காலம் அது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் ஒரு கோழியை அடித்து, மஞ்சள் தடவி வாட்டி, குழம்பு வைத்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்தும் எழுந்துவிடலாம். சொந்தக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள் என்பது அப்பாவின் சந்தேகம். பஸ் வந்து நின்றதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு செருப்பு வாரைச் சரி செய்கிற மாமா ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

வந்தவர்களுக்குக் கோழி அடிக்காமல் அனுப்ப அம்மாவுக்கு மனசு வராது. அந்தக் கோழியைப் பிடிக்கிற உத்தியோகம் என்னுடையது. முதலில் அக்கா பார்த்த வேலை, பிறகு சின்னக்காவுக்கு வந்து, அவள் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு எனக்கு இறங்கியது. சிபாரிசு இல்லாமல் என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே உத்தியோகமும் அதுதான்.

வேலை சுலபம். கையில் கொஞ்சம் நொய்யரிசியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்று 'பா பா பா' என்று கூப்பிட வேண்டும். கோழிகளை மூடி வைக்கிற மூங்கில் பஞ்சாரம் ஒன்று பக்கத்தில் தயாராக இருக்கும். எந்தக் கோழி முதலில் காலடிக்கு வருகிறதோ அதன்மேல் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. தூரத்தில் நிற்பதைத் துரத்துவது எனக்கு ஆகாது. ஓடுவதற்கென்று படைக்கப்பட்ட உடம்பு இல்லை இது. இன்றைக்கும் நான் பஸ்ஸை நோக்கி ஓடினால் கண்டக்டர் பரிதாபப்பட்டு விசில் அடித்துவிடுகிறார்.

இப்படி வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருந்ததில் என்னவோ மாறிவிட்டது. அதை முதலில் கவனித்தவன் நான்தான். மூச்சு வாங்கியது எனக்குத்தானே. 'பா பா' என்று கூப்பிட்டால் கோழிகள் வருவதில்லை. பத்தடி தள்ளி நின்று, கழுத்தை நீட்டி, நொய்யைப் பார்க்கும். பிறகு என் கையைப் பார்க்கும். நான் உள்ளே போன பிறகு வந்து நிதானமாகப் பொறுக்கிவிட்டுப் போகும். சாயங்காலமானால் பஞ்சாரத்துக்குள் அடையாமல் வேப்பமரத்து உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நேற்றுப் பொரித்த குஞ்சுகூட என் காலடிச் சத்தம் கேட்டால் விறகுக் கட்டுக்குள் மறைந்துவிடும். பிறந்த குழந்தைகளிடம்கூட எனக்கு அப்படி ஒரு பெயர்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வீட்டிலும் கோழிகள் இருந்தன. அவர்கள் கறி சாப்பிடாதவர்கள். முட்டை விற்பதற்காக வளர்த்தார்கள், அடிப்பதற்குக் கேட்டால் என்ன விலைக்கும் தரமாட்டார்கள். எங்கள் வீட்டு முட்டையை வாங்கிப் போய் அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளின் வம்சம்தான் அவை. ஆனால் பெரியம்மா உட்கார்ந்தால் மடியில் ஏறி உட்காரும். யார் தூக்கினாலும் சும்மா இருக்கும். ஒன்றொன்றும் ஆட்டுக்கல் மாதிரி.

இந்த நிலவரத்தில்தான் அக்காவின் மாமியார் சொல்லியனுப்பினார்.

அக்காவை வில்லாபுரத்தில் கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா அடுப்படியைப் பார்த்து ஒரு தடவைதான் கூப்பிட்டார். காபித் தட்டோடு வந்து நின்றாள். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். கல்யாணப் பந்தியில் ஆட்டுக்கறி வேகவில்லை என்று மாமியார் வில்லாபுரத்தில் எல்லா வீட்டிலும் சொல்லி முடித்திருந்தார். அதற்காக அக்கா அங்கே தலை குனிந்து நடப்பதாகக் கேள்வி. இப்போது ஞாயிற்றுக்கிழமை மகன், மருமகளோடு வருகிறாராம். ஆட்டுக்கறி டவுனில் தெருவுக்குத் தெரு தொங்குகிறது, உங்கள் வீட்டு நாட்டுக்கோழிக்காகத்தான் வருகிறோம் என்று அழுத்திச் சொல்லியிருந்தார். அப்படியே சின்னவளையும் தன் இளைய மகனுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாலில் ஒரு சேதி.

அம்மாவுக்கு இரண்டும் சந்தோஷம். ஒரே வீட்டில் இரண்டு பெண்ணையும் கொடுத்துவிட்டால் போக வர ஒரே பஸ் செலவு. சின்னக்கா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் பரீட்சை. அதை எழுதிவிட்டு மேலே படிக்கவேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தாள். எழுதிக் கிழித்தது போதும் என்று அம்மா முடித்துவிட்டார். எனக்கு இதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. என் கவலை முழுக்கக் கோழி.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் அப்பாவும் துரத்தித் துரத்திக் கடைசியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். மேலே ஏழெட்டுக் கோழிகள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோழிகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்றார் அப்பா. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் அம்மா. பாடப் புத்தகத்தில் விரலைச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்ற சின்னக்கா சொன்னாள்:

"எந்தக் கோழிக்கும் புத்தி வரலைம்மா. புத்தி இல்லாததையெல்லாம் நீ குழம்பு வச்சுட்ட. அம்புட்டுத்தான்."

பிறகு விவரமாகச் சொன்னாள். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளும் ஒன்றுபோல இருப்பதில்லையாம். ஒன்று கூப்பிட்டால் காலுக்குள் வரும், ஒன்று தூரத்திலேயே நிற்கும். காலுக்குள் வந்தது குஞ்சு பொரிக்குமுன்பே சட்டிக்குப் போய்விடுகிறது. தூரத்தில் நின்றது உயிரோடு இருந்து முட்டையிட்டு அடைகாக்கிறது. அதன் குஞ்சுகளில் பாதிக்குமேல் ஆத்தாளைப் போலவே வெருட்சி. அதிலும் கிட்ட வந்ததை நாம் பிடித்துவிடுகிறோம். இப்படியே வருஷம் வருஷமாகக் கழித்துக் கழித்து, மிச்சம் நிற்பது பூராவும் பிடிபடாத வம்சம். தனியாக எந்தக் கோழியும் மாறவில்லை, கூட்டம்தான் மாறியிருக்கிறது. இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயராம்.

"காட்டுல நரி செய்யுற வேலையை நம்ம வீட்டுல நீ செஞ்சிருக்க."

"பெத்தவளை நரின்ற. இதைத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறாகளா?"

என்னையும் அவள் விடவில்லை. நன்றாக ஓடத் தெரிந்தவன் பிடித்திருந்தால் கிட்ட நிற்பதும் தூர நிற்பதும் கலந்து போயிருக்கும், இந்தச் சோம்பேறி முதலில் வந்ததை மட்டுமே பிடித்ததால்தான் காரியம் இவ்வளவு சீக்கிரத்தில் முடிந்தது என்றாள். என் சோம்பேறித்தனம் ஒரு விஞ்ஞானக் காரியத்துக்கு உதவியிருக்கிறது. பிற்பாடு எத்தனையோ வேலைக்கு விண்ணப்பம் போட்டும் இந்தத் தகுதியைக் குறிப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தோடு நிறுத்தாமல் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் இழுத்தாள். ஒரே ஆத்தா வயிற்று வம்சம். ஆனால் அங்கே யாரும் குழம்பு வைக்காததால் அவை அப்படியே இருக்கின்றன. நம்முடையது மரத்தில், அது பஞ்சாரத்தில். நம் சேவல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இப்படியே ஒன்றோடொன்று சேராமல் ஆயிரக்கணக்கான வருஷம் போனால், கடைசியில் சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்காத அளவுக்கு விலகிவிடும். அப்போது அது ஓர் இனம், இது வேறு இனம். உலகத்தில் இத்தனை ஜீவராசியும் இப்படிப் பிரிந்து பிரிந்து வந்ததுதானாம்.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளை மத்தியானத்துக்குள்ள ஏதாச்சும் மாறுமா?" என்றார்.

"மாறாதுப்பா."

"அப்ப மரம் ஏற ஒரு ஆளைப் பாரு தாயி."

ஞாயிற்றுக்கிழமை அம்மா சின்னக்காவுக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அடுப்படியில் உட்காரவைத்தார். மசாலா அரைத்து, வெங்காயம் உரித்து, அடுப்பில் சட்டியும் ஏறிவிட்டது. கோழி மட்டும் மரத்தில் இருந்தது. ஆட்டுக்கறிக்கடையில் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று அப்பா வெறுங்கையோடு திரும்பிய அதே நேரத்தில், அன்றைக்கென்று பார்த்து, பஸ் சரியான நேரத்துக்கு வந்தது.

மாமியார் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மூக்கால் காற்றை இழுத்துப் பார்த்தார். வாசனை வரவில்லை. அக்கா ஒரு நிமிஷத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு முகம் வெளுத்து நின்றாள். இதோ, இப்போது பிடித்துவிடலாம் என்று அப்பா என்னைத் தள்ளிவிட்டார். இரை பொறுக்க இறங்கியிருந்த ஒரு சிவப்புக் கோழியைக் குறிவைத்து நான் ஓடினேன். என்னைப் பார்த்து அப்பா ஓடினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாத மச்சான், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"மாப்ள, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுறோம்" என்று அப்பா ஓடிக்கொண்டே உபசரித்தார்.

"இருக்கட்டும் மாமா, நீங்க அந்தப் பக்கம் மறிங்க" என்று அவர் தாவினார். கோழி அவர் தோளில் ஒரு காலை வைத்து, என் தலையில் இன்னொரு காலை வைத்து, கூரைக்குப் போய், அங்கிருந்து மரத்துக்குப் போனது. மச்சான் குப்பைக்குழியில் இடுப்பு வரை இறங்கியிருந்தார். அங்கிருந்தபடியே அவர் சிரித்த சிரிப்பில் அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை.

நிலைமையைச் சமாளிக்க அம்மா அடுப்படியைப் பார்த்துச் சின்னக்காவைக் காபி கொண்டுவரச் சொன்னார். இன்னொரு தடவை கூப்பிட்டார். மேலேயிருந்து குரல் வந்தது.

"இங்க இருக்கேம்மா. கோழி பிடிக்கேன்."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். பட்டுச்சேலையைக் கெண்டைக்கால் தெரிய வரிந்து கட்டிக்கொண்டு, வேப்பமரத்தின் பாதி உயரத்துக்கு மேலே ஒரு கிளையில் சின்னக்கா உட்கார்ந்திருந்தாள். தலைப்பூ ஒரு கொம்பில் சிக்கித் தொங்கியது. கூரையில் சாத்தியிருந்த ஏணி வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நாங்கள் ஓடிய ஓட்டத்தில் யாரும் பார்க்கவில்லை.

"என்ன மதினி, உங்க பொண்ணு மரமெல்லாம் ஏறுமா?" என்றார் மாமியார்.

"அய்யோ இல்ல மதினி, நீங்க வந்திருக்கீகன்னு ஒரு அவசரத்துக்கு..."

"தினமும் ஏறுவேன் அத்தை" என்றது மரம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பரணில் இருக்கிற பானையை எடுக்கக்கூட என்னை ஏறச் சொல்லுகிறவள் அவள். ஏணியில் இரண்டு படி ஏறினால் கால் நடுங்கும். வீட்டுக்கு வந்தவர்களிடம் எதற்கு இப்படிப் பெருமையடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். இருந்தாலும் குடும்ப மானம் அவள் கையில் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

மாமியார் அதற்குப் பிறகு சின்னவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த முட்டையில் அம்மா வைத்த குழம்பை, வேண்டாதவர் வீட்டு விசேஷத்தில் சாப்பிடுகிறவர் மாதிரி தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். மச்சான் மட்டும் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு மூன்று தடவை சோறு வாங்கினார். அக்கா பரிமாறப் பரிமாற இருவரும் குப்பைக்குழியை நினைத்து மறுபடி மறுபடி சிரித்தார்கள். இளைய மகனுக்குத் திருமங்கலத்தில் ஒரு பெண் இருக்கிறது, அடக்கமான பெண்ணாம் என்று கை கழுவும்போது மாமியார் பொதுவாகச் சொல்லிவைத்தார். அம்மா முகம் சுண்டிப்போயிற்று.

இத்தனை நேரமும் நான் மரத்தடியை விட்டு நகரவில்லை. கோழி என் பொறுப்பு அல்லவா. இலைகளுக்கு நடுவில் எல்லாமே எனக்கு நன்றாகத் தெரிந்தது. மச்சான் தோளில் கால் வைத்துப் போன அந்தச் சிவப்புக் கோழி, சின்னக்கா உட்கார்ந்திருந்த அதே கிளையில், அவளுடைய வலது கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தது. "அந்தா இருக்கு, கைக்கிட்ட. எட்டிப் பிடி" என்று நான் கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். அவள் கோழியைப் பார்த்தாள். கோழி அவளைப் பார்த்தது. வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் புறப்பட்டுச் சத்தம் தேய்ந்த பிறகுதான் ஒவ்வொரு கிளையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாள். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, சேலையில் கிழிசல். அம்மா வாரியலோடு நிற்பதையும் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கைக்கிட்ட இருந்த கோழியை விட்டுட்டியே."

"ஆமாடா, விட்டுட்டேன்" என்று சிரித்தாள்.

ஒரு கோழியைக்கூடப் பிடிக்கத் துப்பில்லாமல் வெறுங்கையோடு இறங்கி வருகிறவளுக்கு, அடி வாங்கப் போகிற நேரத்தில், அப்படியென்ன சிரிப்பு என்று எனக்கு ரொம்பக் கோபமாக இருந்தது.