போர்டும் சீப்பும்

விழுப்புரத்தில் ஆசிரியர்களுக்கு ஸ்மார்ட் போர்டு சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். இந்த வருட இலக்கு என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டபோது, மீசைக்கு மை பூசிய ஒருவர் எழுந்தார். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, "போர்டுல இருக்கிற எல்லாத்தையும் கத்துக்கினு, பாடம் பூரா அதுலயே நடத்தணுங்க" என்றார். அதற்குக் கைத்தட்டல் வேறு.

அடுத்த மாதம் திண்டிவனம் பக்கத்தில் இருந்த அவர் பள்ளிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முதலில் சீப்பு வெளியே வந்தது. பிறகுதான் போர்டு மேல் போர்த்தியிருந்த பெட்ஷீட்டை எடுத்தார். அந்தச் சீப்பு உழைத்ததில் பாதிகூட அந்தப் போர்டு உழைத்திருக்காது.

திரையில் ஒரு இதயம் துடித்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"எல்லாரும் கைய நீட்டி அதைக் காட்டுங்க" என்றார். பக்கத்து வகுப்பு டீச்சர் போட்டோ எடுத்தார். உடனே இவர் போர்டை அணைத்துவிட்டார்.

"ஏன் சார், பிள்ளைங்க பாத்துக்கினு இருக்காங்களே?" என்றேன்.

"அதான் போட்டோ வந்துடுச்சேங்க. ஜல்தியா குரூப்புல போடணும்."

போனைத் தடவிக்கொண்டே வெளியே போனார். கையை இறக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் இருண்ட திரையைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தார்கள்.