ஒரு படி மேலான கேமரா

என் கொழுந்தனின் மனைவி சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள், நான் நாமக்கல்லில். வயதில் இளையவள், தொழிலுக்கு வந்ததும் எனக்குப் பின்னால்தான். போன தீபாவளிக்கு அவள் கேமராவை ஒயரில் லேப்டாப்போடு இணைத்துப் புடவைப் படங்கள் எடுத்தாள். க்ளிக் செய்ததுமே படம் திரையில் வந்துவிட, கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை மடிப்பைக்கூடத் திருத்தச் சொன்னாராம். வீட்டில் எல்லோரும் அதையே பேசினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் ஊர்ப் பட்டுக்கடை அம்மாவும் அதேபோல் வேண்டும் என்றார். என்னால் முடியாவிட்டால் சேலத்தில் கேட்பாராம். அந்த வேலை அவளிடம் போகவே கூடாது. எதை வாங்கலாம் என்று அவளையே கேட்டிருக்கலாம். ஓரகத்தியிடம் போய் யார் கேட்பார்கள்? படத்தைத் திரைக்குக் கொண்டுவர அவள் வைத்திருந்த மென்பொருளையே வாங்கினேன். லென்ஸ் நீங்கலான கேமரா பாடி மட்டும் அவளுடையதற்கு ஒரு படி மேல், அந்த மாதம்தான் வந்த மாடல். பாடி வாங்கப்போகிறேன் என்றதும் எதிர்வீட்டு லாரிக்காரர், "எத்தன வீலு வண்டிக்குங்க?" என்றார். நாமக்கல்லில் பாடி என்றால் லாரிக்குக் கட்டுவதுதான்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் ஒயரைச் செருகினேன். கேமரா எதுவும் இணைக்கப்படவில்லை என்றது லேப்டாப். மத்தியானம்வரை முட்டிமோதிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்கக்கா, புது மாடல இந்த சாப்ட்வேரு இன்னும் எடுத்துக்காதுங்களே. அடுத்த அப்டேட்டுலதான் வருமாட்டம் இருக்குது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க. சரி, நாளைக்கு என்ற கேமராவ எடுத்துக்கிட்டு வாரேன்."

வந்தாள். உதவிக்கு வந்த சொந்தக்காரப் பெண் என்று கடை அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நாள் முழுக்க நான் படம் எடுத்தேன், அவள் புடவைக்குப் பின் குத்தினாள். படங்கள் நன்றாகவே வந்தன. சாயங்காலம் கடை அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் படத்துக்குக் கீழே இருந்த விவரத்தைப் படித்தார். காப்புரிமை என்ற இடத்தில் அவள் பெயர். அவள் தன் கேமராவில் பதிந்துவைத்த பெயர் எல்லாப் படத்திலும் தானாக ஏறும் என்பதை இருவருமே மறந்திருந்தோம்.

"இது சேலத்து ஸ்டுடியோக்காரங்க பேருங்களே? அப்ப யாருங்க எடுத்தது?"

நான் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவள் கையிலிருந்த பின்னைக் கீழே வைத்தாள்.

"அது நானுங்க. கேமரா மட்டுந்தானுங்க என்னோடது. படம் பூராம் அக்கா எடுத்தது."

வேலை எனக்கே நிலைத்தது. அவள் அப்போது பேசாமல் நின்றிருந்தாலாவது ஆசைதீரத் திட்டியிருப்பேன். அதற்கும் வழி விடவில்லை, பாவி.