வீட்டோடு மாப்பிள்ளையின் ஓட்டு

ஐம்பத்தேழு வயது எமில் ஓர்சாக் காபிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். கரண்டி கோப்பையில் மோதுகிற சத்தமும் அவர் குரலும் சேர்ந்துதான் டுப்ராவாவில் பொழுது விடியும். காபிக் கடைக்குப் போகும்போது வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் கொண்டுபோய் மேஜை நடுவில் வைப்பார். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். "யாருக்குத் தாகம்?" என்று கேட்பார். யாரும் கையை நீட்டமாட்டார்கள். அதன்பிறகு அரைமணி நேரம் தண்ணீர்ப் பேச்சுதான்.

உயரமான மனிதர். வயிறு அவருக்கு அரை அடி முன்னால் போகும். தொப்பியைக் கோயிலில் மட்டும் கழற்றுவார். இரும்புச் சாமான் கடையில் ஆணி கேட்டு வருகிறவர்களுக்கு எடை போட்ட பிறகு ஒரு பிடி அள்ளிச் சேர்ப்பார். எதை வாங்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புவார். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், கசகசா வைத்த கொலாச்சே ரொட்டி தட்டுக்கு வருவதற்குள் அந்த வீட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிடுவார். சொட்டினால் கோட்டைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். சாவு வீட்டில் கார்களை வரிசையாக நிறுத்துவதும் அவர்தான். யாரும் கேட்டதில்லை, அவரே செய்வார்.

"என் கடைக்கு வா," என்பார். "என் வண்டியில ஏத்திக்கலாம்," என்பார். "என் வீட்டுத் தோட்டத்துல தக்காளி காய்ச்சிருக்கு." ஊரும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது. எமில் கடை, எமில் வண்டி, எமில் வீடு.

கடைப் பலகையில் எழுதியிருப்பது 'நோவோசாட் அண்ட் சன்ஸ்'. எமில் அந்த சன்ஸில் ஒருவர் இல்லை. மருமகன். 1934இல் பருத்தி விலை விழுந்தபோது அப்பா விட்டுப்போன நிலம் முழுவதும் வங்கிக்குப் போய்விட்டது. மாமனார் நோவோசாட் நல்ல மனிதர். அழைத்து வந்து கடையில் வேலை கொடுத்தார், கடைக்கு எதிரே வீடு கட்டிக்கொடுத்தார். வீட்டை மகள் ஆக்னஸ் பெயரில் மட்டும் எழுதினார். வண்டி கடையின் வண்டி. மாமனார் செத்த பிறகு கடை, ஆக்னஸின் தம்பி ரூடிக்கு வந்தது. வீட்டோடு மாப்பிள்ளை என்று இருபத்துநான்கு வருஷத்தில் ஒருத்தர்கூட எமிலின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்ல இடைவெளி கிடைத்தால்தானே? அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

ஆகஸ்டு மாதம் மாலையில் டுப்ராவாவின் குழாய்கள் இருமும், காறும், துப்பமாட்டா. ரயில் பாதைக்குத் தெற்கே இன்னும் தோட்டத்துக் கோடியில் குழிக் கக்கூஸ்தான். மழைக்காலத்தில் அந்தக் குழிகள் நிரம்பிக் கிணறுகளோடு கலக்கும்; போன வருஷம் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போனதைவிட வைத்தியரிடம் போனது அதிகம். புது ஆழ்கிணறு, புது உயர்தொட்டி, தெற்குத் தெருக்களுக்குக் கழிவுக் குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடன் பத்திரம் வெளியிட நகர மன்றம் முடிவு செய்தது. மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். கடனைச் சொத்து வரியிலிருந்து அடைப்பதால், வரிப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே போடலாம்.

இந்த விதியை வீடு வீடாகப் போய்ச் சொன்னவரே எமில்தான். "எல்லாரும் போட முடியாதுங்க. ஊர்ல நிலம், வீடு, ஏதோ ஒண்ணு பேர்ல இருக்கணும். அதனாலதான் இருக்கிறவங்க கட்டாயம் வரணும்." குளிர்காலம் முழுக்க இதே பேச்சு. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, படியேறி, காபி குடித்து, சொட்டும் குழாயைச் சரிசெய்து, ஒரு 'சரி' வாங்கிக்கொண்டு இறங்குவார்.

சரி சொல்லாமல் இழுத்தடித்தவர் ஸ்டான்லி வாவ்ரா. கல்யாணம் ஆகாதவர், எமிலைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வரி என்றால் பல்லைப் பிடுங்கக் கேட்டதுபோல முகம் சுளிப்பார். அவருக்குச் சொந்தக் கிணறு இருக்கிறது. பீக்கன் மரத்தடியில் சொந்தக் கக்கூஸும் இருக்கிறது. "அதுல உட்கார்ந்தா எனக்குக் காத்து வருது, பறவைச் சத்தம் கேக்குது. அதை மூடுறதுக்கு நான் ஏன்டா வரி கட்டணும்?" என்பார். எமில் எத்தனை முறை போனார் என்பதற்குக் கணக்கே இல்லை. கடைசி முறை வழக்கமான பேச்சு எதுவும் பேசவில்லை. "உங்களுக்கு வேணாம்ணே. தெக்கால இருக்கிற புள்ளைங்களுக்கு வேணும்," என்று மட்டும் சொன்னார். ஸ்டான்லி பீக்கன் மரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ கேக்குறதால போடுறேன்," என்றார்.

மறுநாள் காபிக் கடையில் எமில் கணக்கை அறிவித்தார். எதிரணியில் நூற்று நாற்பத்தேழு பேர். நம் பக்கம் ஸ்டான்லியையும் சேர்த்தால் நூற்று நாற்பத்தெட்டு. ஊரே அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டது. அந்த நூற்று நாற்பத்தெட்டில் எமில் தன்னையும் சேர்த்திருந்தார் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

மார்ச் 22, சனிக்கிழமை. தீயணைப்பு நிலையத்தில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் நகரச் செயலர் லுட்மிலா ஹ்ரூஷ்கா. தண்ணீர்க் கட்டணம் வாங்குவதிலிருந்து தேர்தல் நடத்துவதுவரை ஊரின் எழுத்து வேலை எல்லாம் அந்த அம்மாளுடையது. இதே மேஜையில் எமில் எத்தனையோ ஜனாதிபதிகளுக்கும் கவர்னர்களுக்கும் ஓட்டுப் போட்டிருக்கிறார். அதற்கெல்லாம் வரிப் பட்டியல் பார்க்கமாட்டார்கள்; அத்தனை வருஷத்தில் கடன் பத்திரத்துக்கென்று ஓட்டெடுப்பு நடந்ததே இல்லை.

லுட்மிலா பட்டியலில் 'ஓ' பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் வந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பென்சிலால் ஏதோ எழுதுவதுபோல, மெதுவாகப் பேசினார்.

"ஆக்னஸ் மட்டும்தான் இருக்கா. பரவால்ல. ஏதாவது ஒரு பொருள உன் பேர்ல எழுதிக் கையெழுத்துப் போடு. சட்டம் அவ்வளவுதான் கேக்குது. வாட்ச், நாய், துப்பாக்கி, எதுன்னாலும் சரி."

எமிலின் கை தானாகவே உள்கோட்டுப் பைக்குப் போனது. வாட்ச் பாதி வெளியே வந்தது. பின்னால் வரிசையில் நின்ற ரூடிக்கு லுட்மிலா பேசியது காதில் விழவில்லை. கையை மட்டும் பார்த்தான். "என்ன மச்சான், மணி பாக்குறீங்களா? எங்கப்பா வாட்ச் எப்பவும் அஞ்சு நிமிஷம் லேட்டாத்தானே ஓடும்?" என்றான். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத சிரிப்பு.

வாட்ச் திரும்பப் பைக்குள் போனது. எமில் தன் பெரிய குரலில், கடையில் ஒரு வேலையை மறந்துவிட்டதாகவும் அப்புறம் வருவதாகவும் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் திரும்பி வந்து போட்டிருப்பாரா என்று அன்றைக்கு யாரும் யோசிக்கக்கூட இல்லை. எமில் போடாமல் வேறு யார் போடுவார்கள்?

வரத்தான் செய்தார். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, சாத்துகிற நேரத்துக்கு வண்டியில் வந்தார். அதற்குள் முடிவைக் கேட்க ஊர் கூடிவிட்டது. மடக்கு நாற்காலி, பின்னல் வேலை, ஃபிளாஸ்கில் காபி என்று வாசல் முழுக்க ஆள். அவ்வளவு பேரையும் தாண்டி உள்ளே போய் ஒரு நாயையோ துப்பாக்கியையோ எழுதிக்கொடுக்க வேண்டும். எமில் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்த வந்த லுட்மிலா வண்டி நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தார், கொஞ்சம் காத்திருந்தார், பிறகு சாத்தினார்.

நூற்று நாற்பத்தேழுக்கு நூற்று நாற்பத்தேழு. சமமாக வந்தால் தோல்விதான்.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று ஊர் ரொம்ப நேரம் தேடவில்லை. எமிலின் கணக்கில் கடைசியாகச் சேர்ந்த ஆள் யாரோ, அவர்தான். திங்கட்கிழமை காலை ஸ்டான்லி காபிக் கடைக்குள் நுழைந்ததும் ஒருவர், "வாவ்ரா, உன் கக்கூஸ் கதவுல நூத்தி நாப்பத்தெட்டுன்னு நம்பர் போட்டுடலாமா? தபால்காரனுக்கு வசதியா இருக்கும்," என்றார். இன்னொருவர் அங்கே காற்று நன்றாக வருகிறதா என்று விசாரித்தார். தான் ஆதரித்தே போட்டதாக ஸ்டான்லி இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. புள்ளிக் கட்டைகளை வைத்து ஆடும் டாமினோவை இந்தக் கடையில் இரண்டிரண்டு பேர் ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். அன்றிலிருந்து அவரோடு ஜோடி சேர ஆள் இல்லை. அவர் எதிரில் நாற்காலி காலியாகவே கிடந்தது.

எமில், "விடுங்கப்பா," என்றார். பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் ஆக்னஸ் சூப்பை ஊற்றிக்கொண்டே, பட்டியலில் ஓர்சாக் என்று தன் பெயர் மட்டுமே இருந்ததாகச் சொன்னாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றாள். சூப் சுடுவதாக எமில் சொன்னார். ஆக்னஸ் கிண்ணத்தை எடுத்துப் போய் ஜன்னலோரம் ஆற வைத்தாள். இருவரும் அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் பொறுத்து எமில் போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மனிதர் என்றால் எமில்தான் மனிதர், ஏமாற்றியவனையே மன்னிக்கிறார் என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள். ஸ்டான்லி கட்டைகளைக் கலைத்துப் போட்டார். தலை நிமிராமல் சொன்னார்:

"இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்டா என்னை நம்புற."

அன்று குழந்தைகூட ஜெயிக்கக்கூடிய கட்டைகள் எமிலுக்கு வந்திருந்தன. எல்லாவற்றையும் தப்பாக இறக்கினார். ஸ்டான்லி கோபப்படவில்லை; உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மே மாதம் ஸ்டான்லி காபிக் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். காபித்தூள் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போகிறார் என்று கேள்வி.

ஒருநாள் லுட்மிலா கடைக்கு வந்து குழாய்க்கு வாஷர் கேட்டார். எமில் டப்பாவில் துழாவிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் கல்லாப் பக்கம் சாய்ந்துகொண்டு சொன்னதை, எமில் இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வார்.

"ஸ்டான்லி பெட்டியில சீட்டுப் போட்டதை என் கண்ணால பாத்தேன். அதுல என்ன போட்டான்னு எனக்குத் தெரியாது. யார் போடலைன்னு தெரியும். நான் வாயைத் தொறக்கக்கூடாது, அது என் வேலை. உனக்கு அப்படி ஒண்ணும் தடை இல்லையே, எமில்?"

வாஷருக்குக் காசு வேண்டாம் என்றார் எமில். "கடை ரூடியோடது," என்று சொல்லிவிட்டு லுட்மிலா காசை வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர்க் கட்டணம் கட்டக் கடைசி நாளில் நகர அலுவலக வரிசை தெருவரைக்கும் வரும். ஜூன் மாதம் அப்படி ஒரு நாள் எமில் அதில் போய் நின்றார். முன்னாலும் பின்னாலும் காபிக் கடை ஆட்கள். ரூடியும் இருந்தான். நகர மன்றம் மறு ஓட்டெடுப்புக்குத் தேதி குறித்துவிட்டதால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான், ஸ்டான்லியைப் பற்றியும்தான். எமில் ஒன்றும் பேசாமல் வந்ததால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து முன்னால் நின்றவர் இடம் விட்டார். எமில் தன் இடத்திலேயே நின்றார்.

தன் முறை வந்ததும், வரிப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும் என்றார். லுட்மிலா சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "வண்டின்னு எழுதிக்கவா?"

"வண்டி ரூடியோடது," என்றார் எமில். இது பழைய குரல். வரிசைக் கோடியில் நின்றவருக்கும் கேட்டது. "கடை ரூடியோடது. வீடு ஆக்னஸோடது. இந்த வாட்ச் மாமனாரோடது. என் பேர்ல ஒண்ணும் இல்லைக்கா. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மார்ச்ல ஓட்டுப் போடாமப் போயிட்டேன். ஸ்டான்லி அண்ணன் போட்டாரு. நான் போடலை."

யாரோ ஒருவர் கையிலிருந்த கட்டணச் சீட்டை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

லுட்மிலா புதுப் பக்கத்தைத் திருப்பி, ஓர்சாக், எமில் என்று எழுதினார். "பொருள்?" என்று கேட்டார்.

எமில் குனிந்தார். வலது கால் பூட்ஸ் சுலபமாகக் கழன்று வந்தது. இடது கால் வரவில்லை; கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, முகம் சிவக்க இழுத்தார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் பிடிக்கவும் வரவில்லை. இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து மேஜைமேல் வைத்தார். ஒரு காலுறையில் குதிகால் தெரிந்தது.

ஒரு ஜோடி பூட்ஸ். வரி ஆறு சென்ட். மறு ஓட்டெடுப்பு அக்டோபர் நான்காம் தேதி, சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில். இந்த முறை வருவாரா என்று ஸ்டான்லி வாவ்ரா இன்னும் சொல்லவில்லை.