கட்டிப்போன பப்பாளிப் பால்

மலேசியாவில் கோப்பெங் பக்கம் ஐயாவு என்று கேட்டால் முழிப்பார்கள். பப்பாளிக்குப் பால் வெட்டுகிறவர் என்றால் வழி காட்டுவார்கள். முப்பது வருஷம் ரப்பர் வெட்டிய கை சும்மா இருக்குமா? தோட்டம் கைமாறிய பிறகு வீட்டுக்குப் பின்னால் நாற்பது பப்பாளி நட்டு, விடியலில் பச்சைக்காயைக் கீறிப் பால் இறக்கினார். கிழட்டு ஆட்டிறைச்சியையும் பஞ்சாக்குகிற பால். ஈப்போ சாப்பாட்டுக் கடைகள் வாங்கின.

இப்போது அந்தக் கடைகள் பாக்கெட் தூளுக்கு மாறிவிட்டன. மசாலா கம்பெனி ஒன்றுதான் மிச்சம். கிருமி சாக காமா கதிர் காட்டுவோம், அதற்குப் பிறகும் பால் வேலை செய்தால் மொத்தமும் எடுக்கிறோம் என்றார்கள். செய்யாவிட்டால் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி போடுவதாக மனைவி நல்லம்மாளிடம் ஐயாவு ஒப்புக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒரு கேள்வி அவரைக் குடைந்தது. கிருமியைக் கொல்கிற கதிர், இறைச்சியைக் கரைக்கிற நொதியை மட்டும் விட்டுவைக்குமா?

ரப்பர்த் தோட்டத்தில் ஓடுகிற பாலுக்குத்தான் மரியாதை. கட்டிப்போனால் ஏச்சு விழும். அதனால் நல்ல பாலைத் தண்ணீர் கலந்து, கட்டவிடாமல் போத்தலில் அனுப்பினார். தட்டில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்டி, தூளாக்கி, பொட்டலம் கட்டி, போத்தலோடு வைத்தது நல்லம்மாள்.

"அந்த ஒட்டுப்பால எதுக்கு வைக்கிற?"

"போட்டும் லா. கதிர் என்ன செய்யுதுன்னு பாக்கத்தானே போறீங்க?"

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போத்தலும் ஒரு பொட்டலமும் கதிர் படாமல் வீட்டிலேயே இருந்தன.

போனவை கதிர் பட்டுத் திரும்பி வந்ததும் நான்கு கிண்ணங்களில் இறைச்சியை ஊறவைத்து, வேகவைத்துக் கிள்ளிப் பார்த்தார். வீட்டுப் போத்தல் பால் போட்டது பிய்ந்தது. கதிர் பட்ட போத்தல் பாலோ இறைச்சியைச் செருப்புத் தோலாகவே விட்டிருந்தது. கடைசியாக, மனசில்லாமல் தூள் போட்ட கிண்ணங்களைத் தொட்டார். கதிர் பட்டதும் படாததும் இரண்டுமே பிய்ந்தன!

கம்பெனிப் பரிசோதனைக் கூடத்துத் திவ்யதர்ஷினிக்குப் போன் போட்டார்.

"தண்ணிதான் அங்கிள் கெடுத்திருக்கு. கதிர் தண்ணிய ஒடைக்கும். ஒடைஞ்ச துண்டுங்க நொதியப் போய்க் கெடுக்கும். காஞ்ச தூள்ல தண்ணி ரொம்பக் கம்மி. வேகம் கொஞ்சம் கொறையும், ஆனா வேலை செய்யும். தூளாவே அனுப்புங்க."

மறுநாள் விடியலில் தட்டில் விழுந்த பால் மெல்லக் கட்ட ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் அவர் கை தண்ணீர்க் குவளைக்குப் போனது. நல்லம்மாள் குவளையை எடுத்து, பக்கத்து மரத்தின் வேரில் ஊற்றினாள்.