அறுபதில் நின்ற முள்

என் அண்ணன் யுத்தத்திலிருந்து திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கை மட்டும் நடுங்கியது. பர்மா எல்லையில் மூன்று வருஷம் பட்டாள லாரிகளைப் பழுது பார்த்தவன், மந்தைவெளி வீட்டில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிப்பான். பழைய ஒர்க்ஷாப்பில் அவனுக்கு வேலை காத்திருந்தது. முதலாளியே வீடு தேடி வந்து கூப்பிட்டார். அவர் போனதும், "கை ஒதவாதுடா. அங்க போயி அசிங்கப்படணுமா?" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம்தான் அந்தக் கார் வந்தது. அடையாற்றில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், சீமைக்குத் திரும்பும்போது, எஞ்சின் இறுகி நின்றுபோன தன் பந்தயக் காரைச் சமையல்காரராயிருந்த எங்கள் மாமாவிடமே விட்டுவிட்டுப் போனார். மாமாவுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாட்டைக் கட்டி இழுத்துவந்து எங்கள் கொட்டகையில் நிறுத்திவிட்டார்.

அண்ணன் எழுந்து வந்தான். எஞ்சினைப் பிரித்தான். பேரிங்குகளுக்குப் புதிதாக வொயிட் மெட்டல் என்ற வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிக் கையாலேயே சுரண்டிப் பதப்படுத்தினான். கிராங்க் தண்டில் நீலச் சாயத்தைத் தடவிச் சுற்றினால், பேரிங்கில் மேடான இடங்களில் அது ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மயிரிழை கூடிப்போனாலும் எண்ணெய் அந்தச் சந்தில் ஒழுகி, அழுத்தம் விழுந்துவிடும். நாற்பது நாள் அந்த வேலை நடந்தது. அந்த நாற்பது நாளும் அவன் கை நடுங்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன், சத்தியமாகச் சொல்கிறேன்.

"வண்டி ஒரு மணி நேரம் முழு வேகத்துல நிக்காம ஓடட்டும். ஓடிச்சினா மறுநாளே ஒர்க்ஷாப்புக்குப் போறேன்" என்றான். அம்மா அதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

குளிர் தேசத்துக்குச் செய்த எஞ்சின் அது. நம்மூர் வெயிலில் எண்ணெய் தண்ணீராக இளகிவிடும் என்று அண்ணன் பயந்தான். யுத்தம் முடிந்து டிஸ்போசல் ஏலத்தில் வந்த பட்டாளச் சாமான்களில் ஆகாய விமானத்து ஆயில் கூலர் ஒன்று கிடைத்தது. பம்பிலிருந்து எண்ணெய் வெளியே வந்து, கூலருக்குள் போய் ஆறி, திரும்பி எஞ்சின் பிளாக்குக்குள் நுழைந்து பேரிங்குகளுக்குப் போக வேண்டும். பைப் போடும் வேலையை என்னிடம் விட்டான். நானும் பஸ் கம்பெனி மெக்கானிக்தான், லேசுப்பட்டவன் இல்லை என்ற நினைப்பு எனக்கு. தடித்த பைப் கிடைக்கவில்லை. சன்னமான செப்புப் பைப்பை வளைத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தோம். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அழுத்தம் காட்டும் முள் இருபத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. அறுபது காட்ட வேண்டிய முள். அண்ணன் எஞ்சினை நிறுத்தினான்.

"அதிகமா சுரண்டிட்டேன் போலக்கீதுடா" என்றான். அவன் விரல்கள் மறுபடியும் ஆடத் தொடங்கியிருந்தன.

மறுநாள் அவன் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் வண்டியை மந்திரிப்பதாக ஏற்பாடு. அதற்குப் பிறகுதான் அந்த ஒரு மணி நேர ஓட்டம். அவன் இல்லாத நேரத்தில் பார்த்தால், முள்ளுக்குப் போகும் சின்னக் குழாய், பிளாக்கில் செருகியிருந்த இடத்தில் கசிந்தது. இறுக்கினேன். நான் இறுக்கிய இறுக்கில் மரை அறுந்தது. ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்துவிட்டு, சின்னக் குழாயைக் கூலருக்கு எண்ணெய் போகும் பைப்பில், பம்பை ஒட்டியே சேர்த்தேன். எண்ணெய் ஒரே எண்ணெய்தானே, எங்கே பிடித்தால் என்ன என்பது என் அறிவு. எஞ்சினைக் கிளப்பினேன். முள் ஜம்மென்று அறுபதுக்கு ஏறி நின்றது.

அண்ணன் வந்து பார்த்தான். "இன்னாடா பண்ணே? அறுவதுல நிக்குது?"

மரையை அறுத்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பைப்புல காத்து நின்னுச்சிண்ணே. எடுத்துட்டேன்" என்றேன்.

அவன் சிரித்தான். யுத்தத்திலிருந்து வந்த பிறகு அவன் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோமில் சாமியார் வண்டியின் மூக்கில் தீர்த்தம் தெளித்தார். அங்கிருந்து அடையாற்றுப் பாலம் தாண்டினோம். பாலத்தடியிலிருந்து திருவான்மியூர் வரை போவதும் வருவதுமாக ஒரு மணி நேரம் ஓட்டுவது என்று திட்டம். ரேஷன் பெட்ரோலை மூன்று மாதம் சேர்த்து வைத்திருந்தோம். நான் ஒரு பங்களா வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். முதல் தடவை திரும்பும்போது, "அறுவது!" என்று கத்திக்கொண்டே போனான். இரண்டாவது தடவையும் அதே சத்தம். நானும் துண்டைச் சுழற்றினேன்.

பங்களாத் தோட்டக்காரர் ரப்பர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடு குழாயை மிதித்துக்கொண்டு நின்றது. அவர் கையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. மாட்டுக் காலுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் வரும் பக்கத்தில், குழாய் வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது. "இன்னா எளவுடா இது" என்று அவர் மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட சன்னப் பைப்பும் எண்ணெயை அப்படித்தான் நெரித்துக்கொண்டிருந்தது. நெரிபடுவதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தைத்தான் முள் அறுபது என்று காட்டிக்கொண்டிருந்தது. கூலரைத் தாண்டிப் பேரிங்குக்குப் போனது பழைய இருபத்தைந்துதான். அந்த வேகத்துக்கு அது எந்த மூலைக்கு?

வண்டி மூன்றாவது தடவை வந்தது. நடுரோட்டுக்கு ஓடினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். "நிறுத்துண்ணே! நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நான் குஷியில் குதிக்கிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. வண்டியை லேசாக ஒடித்து என்னைச் சுற்றிக்கொண்டு, "அறுவது!" என்று கத்திவிட்டுப் பறந்தான். துரத்த ஒரு சைக்கிள்கூட இல்லை. பின்னாலேயே ஓடினேன். சவுக்குத் தோப்பு வளைவுக்கு அப்பால் சம்மட்டியால் அடிக்கிற சத்தம் நாலைந்து தரம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ரோடெல்லாம் எண்ணெய். கனெக்டிங் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே நீட்டியிருந்தது. அண்ணன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, அவனைக் கொட்டகைக்கு இழுத்துப் போய், அறுந்த மரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அறைவான் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப மொதல்ல காட்டின இருவத்தஞ்சுதான் நெசம்" என்றான்.

"ஆமாண்ணே. அது என் பைப்பால வந்திச்சு. உன் பேரிங்கால இல்ல."

"பைப்பால வந்திச்சா, பேரிங்கால வந்திச்சா, எப்பிடிடா சொல்லுவே?"

பேரிங்கை எடுத்துக் காட்டலாம் என்று எஞ்சினுக்குள் கையை விட்டேன். நாற்பது நாள் அவன் சுரண்டிய வொயிட் மெட்டல் முழுவதும் உருகி, அடியில் கட்டிகட்டியாகக் கிடந்தது. நீலம் தடவிப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

"வுடுடா. எனக்கோசரம் நீ ஏன் பழியத் தூக்கிக்கிறே?" என்று என் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

பிறகு எத்தனையோ வருஷம் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், தம்பி தன்மேல் பிரியத்தால் பொய் சொல்கிறான் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.