பெரியவருக்கு ஒரு பிரேக் சிலிண்டர்

மீட்டர்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதிய உத்தியோகம். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஒரு யூனிட் கூட்டியும் எழுத மாட்டார், குறைத்தும் எழுத மாட்டார், அவ்வளவு கறார். அப்படிப்பட்டவரும் ஒரே ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வார். அது அவருடைய கார்.

அவரைவிட ஆறு வயது மூத்த கார். அதனாலோ என்னவோ, அதை அவர் 'அது' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. காலையில் கிளம்ப மறுத்தால், "அவருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். அவளும் மரியாதையில் குறை வைக்காமல், "உங்க பெரியவர்" என்றுதான் சொல்வாள். சொல்கிற தொனிதான் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பெரியவரில் ஏறி ஏரிக்கரை வரை போய்த் திரும்புவது பத்தொன்பது வருடப் பழக்கம். மற்ற ஆறு நாளும் வீட்டில் நடக்கும் பேச்சு குழாய்க் கசிவு, நூல்கண்டு, யார் கதவைத் திறந்து போட்டது என்பதோடு முடிந்துவிடும். மனதில் இருப்பதையெல்லாம் பேசுவது காருக்குள் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். மகளின் கல்யாணம் முடிவானதும் அங்கேதான்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டம் வந்தது. ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தார், மிதி தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. கைபிரேக்கைப் பிடித்து இழுத்து, கட்டுமானத்துக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் கொண்டுபோய்ச் சொருகினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மனைவி இறங்கிச் செருப்பிலிருந்த மணலைத் தட்டினாள்.

"இனிமே உங்க பெரியவர்ல நான் ஏற மாட்டேன்" என்றாள்.

"ரெண்டே வாரத்துல சரி பண்ணிடறேன்."

"பண்ணுங்க. அதுவரைக்கும் எனக்கு பஸ் இருக்கு."

மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து காட்டினார். மிதியை அழுத்தினால், உள்ளே இருக்கும் கட்டைவிரல் பருமனான சிலிண்டர் இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மோடு அழுத்த வேண்டும். அந்தச் சிலிண்டரின் உட்புறம் துரு அரித்து, பிரேக் ஆயில் முழுக்க ஒழுகிப் போயிருந்தது.

"ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டிக்கலாம் சார். டிரம்மைக் கடைசல் பிடிச்சுக்கலாம். சிலிண்டர் மட்டும் வேணும், ரெண்டு பக்கத்துக்கும். வாங்கிட்டு வாங்க, அரை நாள் வேலைதான்."

அந்த அரை நாள் வேலை ஏழு மாதம் இழுத்தது. உதிரிபாகக் கடைத் தெருவில் அவர் ஏறாத படி இல்லை. ஒவ்வொரு கடையிலும் காரின் பெயர், பிறந்த வருடம், எத்தனை பேர் கை மாறி அவரிடம் வந்தது என்று பூர்வோத்தரம் முழுவதும் சொன்னார். கடைக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கம்பெனியே இப்ப இல்லீங்களே" என்று கையை விரித்தார்கள். பழைய இரும்புக் கடையில் அதே மாதிரிக் கார் ஒன்று கிடந்தது. நான்கு சக்கரமும் இல்லை, டிரம்மும் இல்லை; பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நகராத காருக்குள் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜன்னலோரம் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த மனைவி இதை ஒரு வாரம் பார்த்தாள், ஒரு மாதம் பார்த்தாள், ஏழாவது மாதமும் பார்த்தாள். கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் பக்கத்து சீட் காலியாக இருக்க அவர் உட்கார்ந்திருந்த விதம் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து வந்தாள்.

"கடையில போய் என்னன்னு கேக்கறீங்க?"

அவர் பெயரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

"என்கிட்ட சட்டை தைக்க வர்றவங்க, அவங்க தாத்தா பேரைச் சொன்னா நான் தைச்சுடுவேனா? அளவு குடுத்தாத்தானே?"

முப்பத்தைந்து வருடம் எண்களை எழுதியே சம்பளம் வாங்கிய மனிதருக்கு இது தோன்றவே இல்லை. பாசம் வைத்தவர்களின் கோளாறு அது.

பழைய சிலிண்டரைச் சோப்புப் போட்டுக் கழுவித் தையல் பையில் வைத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். முதலில் மெக்கானிக்கிடம் கொடுத்து உள்விட்டத்தை அளக்கச் சொல்லி, சீருடை அளவெழுதும் நோட்டிலேயே குறித்துக்கொண்டாள். பிறகு கடைத்தெரு. அவர் பின்னாலேயே போனார்.

"எந்த வண்டிக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

மீட்டர்காரர் வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"வண்டியை விடுங்க. உள்ளளவு இது. ரெண்டு போல்ட் ஓட்டைக்கும் நடுவுல இவ்வளவு. ஆயில் குழாய் மாட்டற மரைக்குப் பழசே இருக்கு, வச்சுப் பாத்துக்குங்க."

கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த பெட்டிகளை இறக்கினார். மூன்றாவது பெட்டியில் இருந்தது அச்சு அசலாகப் பொருந்தியது.

"பழைய பால் வண்டியோட சாமான். நாலு கிடக்கு. சார் இங்க அஞ்சாறு தடவை வந்திருக்காரு, அளவைச் சொல்லலையே."

"பால் வண்டியோடதா? அவருக்கா?" என்று மீட்டர்காரர் முணுமுணுத்தார்.

"பாலை நிறுத்தின பிரேக் உங்களையும் நிறுத்தும். ரெண்டு வாங்குங்க" என்றாள் மனைவி.

மெக்கானிக் சொன்னபடி அரை நாளில் வேலை முடிந்தது. எல்லாம் கூடி வந்த சந்தோஷத்தில் மீட்டர்காரர் காரின் உட்புறத்தைத் துடைக்க இறங்கினார். மனைவி உட்காரும் பக்கத்து மிதியடியை எடுத்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது கால் படும் இடத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து குழிந்து ஓட்டை விழுந்திருந்தது.

"இது என்ன இப்படி ஆயிருக்கு?"

"பிரேக்கு" என்றாள் அவள்.

"உன் பக்கம் ஏது பிரேக்?"

"நீங்க மிதிக்கிற வரைக்கும் யாராவது மிதிக்கணும்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு வளைவிலும் பயந்துகொண்டு, அந்தப் பயத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, அவரோடு பேசுவதற்காக ஏறி உட்கார்ந்திருக்கிறாள். வாரம் தவறாமல் உட்கார்ந்திருக்கிறாள். மீட்டரில் எது ஓடினாலும் கண்டுபிடிக்கிறவர், பக்கத்தில் ஓடிய இதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஏறினாள். கதவை இரண்டு தடவை சாத்திப் பார்த்தாள். போகும்போது மகளைப் பற்றி, மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி, ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பேசினாள். திரும்பும்போது அதே சரிவு வந்தது. அன்று மணல் குவியல் இருந்த இடத்துக்கு வந்துதான் அவர் வழக்கமாகப் பிரேக்கில் கால் வைப்பார். இன்று மேலேயே, சரிவு தொடங்குமுன்பே மிதித்தார். பெரியவர் சாதுவாக வேகம் குறைத்து இறங்கினார். மீட்டர்காரர் ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். அவள் கால் அசையவில்லை.

"பால் வண்டி சாமான் நல்லாத்தான் பிடிக்குது" என்றாள்.

"ஆமாம், நல்ல சாமான்" என்றார் அவர்.